இருபத்து மூன்று தலை

ஜூன் 2, புதன்

காலையில் தூறல். விறகெல்லாம் ஈரம். இடுப்பு வலி. இன்னும் பத்து நாள் ஆகும் என்கிறாள் சுங்கை சிப்புட் மருத்துவச்சி.

அரிசிப் பங்கீட்டுக்குக் குடும்பப் பட்டியல் வேண்டுமாம், வெள்ளிக்குள். ஜப்பான்காரன் உத்தரவு. வீட்டில் எழுதத் தெரிந்தவள் கடைசி மருமகள் நான்தான். அத்தை சொல்லச் சொல்ல எழுதினேன்.

ரப்பர் போடக் காடழித்த காலத்தில் வந்தவள் அத்தை. பெற்றது ஒன்பது. பிள்ளைகள் பிறந்த வருஷம் கேட்டால் தெரியாது, அப்போது எந்தக் காட்டில் பால் வெட்டினாள் என்பது தெரியும். பெரியவர், ஒன்பதாம் நம்பர் காடு. என் வீட்டுக்காரர், கடைசி, மலைக்காடு. மாமா இறந்த மாதம். நாலாமவரும் ஐந்தாமவரும் யார் மூத்தவர் என்று சண்டை. தடியன்கள்.

மருமகள்கள், பேரப்பிள்ளைகள் சேர்த்து இருபத்து மூன்று தலை. முதல் வரியில் அத்தை, வயது 58. மாமியார் பெயரை நாங்கள் வாயால் சொல்வதில்லை. எழுதலாம்.

மூத்த மருமகள் பெரிய அக்கா தன் மகளுக்கு அந்தப் பெயரை வைக்கக் கேட்டபோதே மறுத்தவள் அத்தை. "தாலி அறுத்தவ பேரு பச்சப்புள்ளைக்கு எதுக்கு?"

ஜூன் 4, வெள்ளி

பட்டியல் கொடுத்தாயிற்று. கணக்கெழுதும் ஆபீஸ் கிராணி முத்திரை குத்திவிட்டார். "வயித்துல இருக்கிறத எழுத முடியாதுலா. அடுத்த பதிவு வர்ற வருசந்தான்."

மத்தியானம் கிழங்கு, நெத்திலி, ஆளுக்கு ஒரு பிடி சோறு. அத்தை தன் சோற்றை என் தட்டில் தள்ள, நான் திருப்பித் தள்ள, பாதி தரையில்.

"புள்ளத்தாச்சி தின்னணும்."

"நீங்க சாப்புடாம எனக்கு வேணாம் அத்த."

இரண்டு பேருக்கும் மூஞ்சி தூக்கல்.

ஜூன் 5, சனி

பெண். தலை நிறைய முடி. பட்டியலுக்கு ஒரு நாள் பிந்தி வந்திருக்கிறாள். மரத்தையெல்லாம் வெட்டிக் கிழங்கு போட்டாயிற்றே, இவள் எந்தக் காடு என்று கேட்டேன். "கெழங்குக் காடு" என்றாள் அத்தை. சந்தோஷம். தூக்கம்.

ஜூன் 7, திங்கள்

நல்ல வெயில். துணி காய்ந்தது.

அத்தை காலையிலேயே ஆபீசுக்கு. அங்கே அத்தையும் கிராணியும் பேசியதாக, கூடப் போன என் வீட்டுக்காரர் வந்து சொன்னது:

"மொத வரியில வயசு தப்பா இருக்கு. ரெண்டு நாளுன்னு திருத்துங்க."

"இது உங்க பேரும்மா."

"எம் பேத்தி பேரு. தல அதே இருவத்து மூணுதானே?"

கிராணி திருத்திக் கொடுத்தாராம்.

சோற்றை வாங்க மாட்டேன் என்று தெரிந்து பெயரையே கொடுத்துவிட்டாள். கோபம் வந்தது. பிறகு அழுகை. இனி பட்டியலில் அத்தை இல்லை, அத்தைக்கு அரிசியும் இல்லை. குடும்பத் தலைவி, வயது இரண்டு நாள்.

என் சோற்றில் பாதியை அத்தைக்கு வைத்தேன். தட்டைத் தள்ளினாள்.

"தலைவி சொல்லுது, சாப்புடுங்க."

சிரித்துவிட்டாள். சாப்பிட்டாள்.

பிள்ளை அழுகிறாள். கூப்பிட வேண்டும். வாய் வரவில்லை. எழுதிப் பார்க்கிறேன்.

காளியம்மா.