கத்திரிக்காய் நிற மயில்

மார்ச் 14, வெள்ளி

மகள் கவிதா கிள்ளான் நகரச் சேலைக்கடை ஒன்றுக்காகக் கணினியில் வரைந்த மயில், பேனரில் கத்திரிக்காய் நிறத்தில் வந்தது. பிரிக்ஃபீல்ட்ஸ் அச்சுக்கடை அவளை நம்பிக் கொடுத்த முதல் வேலை. நான் அவளோடு போய், எல்லார் முன்னாலும் அச்சுக்கடைக்காரரிடம் கத்தினேன்.

“பாஸ், மெஷின்ல மை இல்லையா, இல்ல ஆளுக்குக் கண்ணு இல்லையா?”

அவர் நான் அனுப்பிய ஃபைலைத் திறந்து காட்டினார். கவிதாவுக்குப் பார்த்ததுமே புரிந்துவிட்டது.

அச்சுக்கு ஏற்றபடி நிறத்தை அடக்கி, “அப்படியே அனுப்புங்கப்பா” என்றுதான் கொடுத்திருந்தாள். என் ஃபோனில் அது வெளுத்துத் தெரிந்தது. படிவம் மூன்றோடு பள்ளியை விட்ட இந்த மேதை நீலத்தைப் பளிச்சென்று ஏற்றி அனுப்பிவைத்தார். திரையில் மின்னும் அந்த நீலம் மையில் வராதாம், ஊதாவாகிவிடுமாம்.

“சாரி அங்கிள், நான்தான் ஃபைல்ல கலரைத் தப்பா வெச்சுட்டேன்,” என்றாள் கவிதா.

“அடுத்த பேனருக்கு வேற ஆள் பாத்துக்குறேன்மா. கோவிச்சுக்காத லா,” என்றார் கடைக்காரர்.

நான் பக்கத்தில்தான் நின்றேன். அவ்வளவு கத்திய வாய், நிறத்தை மாற்றியது நான்தான் என்று சொல்லத் திறக்கவில்லை.

காரில் ஏறியதும், “பசிக்குதாப்பா?” என்று கேட்டாள். அவள் திட்டியிருந்தால் இந்நேரம் தூங்கியிருப்பேன்.