பத்துப் பிள்ளைகளுக்கும் ஒரே கழுத்து

முல்லைத்தீவுக் கடையொன்றில் நேற்று, பேத்தி கோயிலில் முதல் நன்மை வாங்கும் பூசைக்கு உடுப்பு எடுக்கப் போனேன். கம்பி நிறைய வெள்ளைச் சட்டைகள், அத்தனையும் ஒன்று. "வேற மாதிரி இல்லையோ பிள்ளை?" என்று கேட்டேன். "இதுதான் அன்ரி இப்ப ஓடுது" என்றாள் கடையில் நின்றவள். பேத்தியும் போனில் ஒரு படத்தைக் காட்டி, அதேதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். கிளிநொச்சியில் ஒருத்தி போட்டதை அடுத்த கிழமை கண்டாவளையில் எல்லாரும் போடுகிற காலம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் ஏச எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறதென்று உனக்குத்தானே தெரியும்.

கொக்கிளாயில் ஒன்றாய் வளர்ந்த நாம், தொண்ணூறுகளின் நடுவில் இடம்பெயர்ந்து கனகராயன்குளத்தில் அடுத்தடுத்த கொட்டில்களில் இருந்தோம். தறப்பாள், வாளி, பாய் எல்லாமே நிவாரணம். வன்னிக்குள் துணி வருவதே பெரும்பாடு. அந்த வருசம் பங்குச் சுவாமி எங்கேயோ மன்றாடி ஒரு கட்டு வெள்ளைத் துணி கொண்டுவந்தார். முதல் நன்மைக்குப் பத்துப் பெண்பிள்ளைகள். உன் மகள் ஜெசிந்தாவின் சட்டையை நீ தைப்பது, மற்ற ஒன்பதையும் நான் தைப்பது என்று பேச்சு. இருவருக்கும் ஒரே தையல் மிசின்.

இருந்த துணிக்குக் கழுத்தில் மட்டும்தான் ஏதாவது செய்யலாம். நீ நாலு நாள் ஊசியைத் தொடவில்லை. உன் மனுசனின் வீச்சுவலையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாய். களப்புக்கு மீன்பிடிக்கப் போன அவர் திரும்பவில்லை. தோணிதான் வலையோடு கரை சேர்ந்தது. ஈயமணி கட்டிய ஓரத்தை அவர் மடித்திருந்த விதத்தைப் பார்த்துப் பார்த்து, அந்த மடிப்பை அப்படியே ஜெசிந்தாவின் கழுத்தைச் சுற்றிக் கொண்டுவந்தாய்.

"வரிசையில நிண்டு வாங்கினது எல்லாம் ஒரே மாதிரியடி. அண்டைக்கு ஒரு நாளாவது என்ர பிள்ளை தேப்பன்ர பிள்ளையாய் நிக்கட்டும்" என்றாய்.

நான் என்ன செய்தேன்? ஒரு தாய் உன் சட்டையைக் கண்டுவிட்டு அதே மாதிரி வேண்டும் என்றாள். பிறகு ஒன்பது பேரும் அதையே கேட்டார்கள். நீ தண்ணிக்குப் போன நேரம் அந்தக் கழுத்தைப் பழைய பேப்பரில் வைத்துக் கீறி வெட்டிக்கொண்டேன். பொறாமைகூட இல்லை, வெறும் சோம்பல். மாதிரி கையில் இருக்கும்போது யோசித்து மினக்கெடுகிறவள் விசரி என்று நினைத்தேன். ஒன்பது கழுத்தும் ஜெசிந்தாவின் அளவு. ஒரு பிள்ளை பூசை முழுக்கக் கழுத்தைச் சொறிந்துகொண்டு நின்றது.

தலையில் வெள்ளை நெற் முக்காட்டோடு பிள்ளைகள் வரிசையாய் வந்தார்கள். பின்னால் நின்ற நீ எட்டி எட்டிப் பார்த்தாய். "எது என்ர பிள்ளை?" என்று என்னைத்தான் கேட்டாய். எனக்கும் தெரியவில்லை.

பூசை முடிந்ததும், "நல்லாய்த்தான் தைச்சிருக்கிறாய்" என்றாய். ஏசியிருந்தால் ஆறியிருக்கும். மிசினை என் கொட்டிலிலேயே வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டாய். நாளைக்கு மன்னிப்புக் கேட்கலாம், நாளைக்குக் கேட்கலாம் என்று நான் தள்ளிக்கொண்டிருக்க, மாரி மழையோடு வந்த மலேரியா உன்னைக் கொண்டுபோனது.

அதற்குப் பிறகு வருசாவருசம் அந்தக் கழுத்துத்தான் தைத்தேன். அதை என் கழுத்து என்று சனம் சொன்னது. நான் இல்லையென்று சொல்லவில்லை.

நேற்று அந்தக் கடைச்சட்டையை வாங்கிக்கொண்டுதான் வந்தேன். இன்று காலை அதன் கழுத்தைப் பிரித்தேன். இந்தப் பிள்ளைக்கென்று புதிதாய் ஒன்று வைத்துக் கொடுக்க நினைத்தேன். அவளைக் கதிரையில் இருத்தி முகத்தையே பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. பிறகு கை தன்பாட்டில் மடிக்கத் தொடங்கியது. குனிந்து பார்க்கிறேன், உன் மனுசனின் வலை.