ஜோடி பிரிந்த நம்பர் பிளேட்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது.

இங்கே இருவரும் சுகம். போனில் பேசலாம் என்றால் உன் அப்பாவுக்குப் பாம்புச் செவி. அதனால்தான் கடிதம். அம்மாவுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று பாதியில் மடித்து வைக்காமல் முழுவதும் படி.

வாடகை வண்டிகளுக்கெல்லாம் இனி தனி நம்பர் பிளேட் என்று சட்டம் வந்துவிட்டது. டாக்சியானாலும் சரி, போனில் தட்டினால் வருகிற வண்டியானாலும் சரி. பழைய பிளேட் இரண்டையும் போக்குவரத்து அலுவலகத்தில் கொடுத்தால், நம் கண்ணெதிரே வெட்டிப் போட்டுவிட்டுப் புது நம்பர் தருவார்கள். உன் அப்பாவுக்குத்தான் 4417 ராசியான நம்பராயிற்றே! முன்பக்கத்துப் பிளேட் எங்கோ விழுந்துவிட்டது என்று வாய் கூசாமல் புளுகி, பின்பக்கத்தை மட்டும் கொடுத்துவிட்டு வந்தார். கவுண்டரில் இருந்த பெண் சிரிக்கவில்லையாம். "ரெண்டையும் சேர்த்து வெட்டணுங்க. ஒண்ணு வெளியில இருந்தா அது பாட்டுக்கு ஓடிக்கிட்டே இருக்கும்" என்றாளாம். இவர் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். நானும்தான் சிரித்தேன். கொடுக்காத பிளேட்டைக் கார் கொட்டகைச் சுவரில் ஆணியடித்து மாட்டி வைத்தார்.

மறுவாரம் எதிர்வீட்டுத் தையல்காரி வந்தாள். "என்னக்கா, அண்ணனுக்கு எம்மேல ஏதாச்சும் கோவமா? மத்தியானம் கடைத்தெருவுல இருந்து ஏத்திட்டு வந்தாரு, வழி பூரா ஒரு வார்த்தை பேசல" என்றாள். உன் அப்பாவாவது, பேசாமல் வண்டி ஓட்டுவதாவது! அதுவும் அந்த மத்தியானம் அவர் கூடத்தில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தவள் நான். என்ன நம்பர் என்று கேட்டேன். எப்போதும் இருக்கிற நம்பர்தான் என்றாள். நம் காரில் புது பிளேட் மாட்டிப் பத்து நாளாகிவிட்டது.

நேற்று அலுவலகத்திலிருந்து நோட்டீஸ் வந்தது. செல்லாத நம்பரில் வாடகைக்கு ஓட்டியதாக, சாலைக் கேமரா எடுத்த படத்தோடு. 4417. ஸ்டியரிங்கில் உன் அப்பா. பின்சீட்டில் ஒரு பெண், முகம் ஜன்னல் பக்கம் திரும்பியிருக்கிறது. மடியில் சிவப்புப் பை. அதன் கைப்பிடியில் உனக்கு நான் சுற்றித் தைத்துக் கொடுத்த பச்சைத் துணி. சாலை நம் வீட்டுக்கு வருகிற சாலை இல்லை, கல்குவாரிக்குப் போய் முடிகிற சாலை. படத்தில் தேதி பதினெட்டு. இன்று ஒன்பதுதான் ஆகிறது. அலுவலகத்தில் கேட்டால், தேதி தப்பாக அச்சாகியிருக்கும் என்கிறார்கள்.

பதினெட்டு நீ வந்து இறங்குகிற நாள்.

கொட்டகைக்கு ஓடினேன். ஆணி இருக்கிறது, பிளேட் இல்லை. என் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தார், தான் எடுக்கவில்லை என்று. படத்தை அவரிடம் காட்டவில்லை. மகள் வருகிறாள் என்று காரைக் கழுவித் துடைத்துக்கொண்டிருக்கிறார் மனிதர்.

அன்றைக்கு அவரை வாசற்படி தாண்ட விடமாட்டேன். கையைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருப்பேன். நீ ஸ்டேஷனிலிருந்து பஸ்ஸில் வா, நின்றுகொண்டு வந்தாலும் பரவாயில்லை. ஸ்டேஷன் வாசலில் கார் வந்து நின்றால் முகத்தைப் பார்க்காதே, நம்பரைப் பார். 'வாலு' என்று வீட்டுக்குள் மட்டும் அப்பா கூப்பிடுகிற பெயரைச் சொன்னாலும் ஏறாதே. திரும்பிக்கூடப் பார்க்காதே, கண்ணே. உன் அப்பாவின் கை அப்போது என் கைக்குள்தான் இருக்கும்.

நூறு வயது நன்றாக இரு. பஸ்ஸிலேயே வந்து சேர்.

உன் அம்மா