பொன்னாடைப் படத்தின் கீழுள்ள வாசகத்தை மாற்றக் கோருதல்

அனுப்புநர்:
திருமதி மரியமலர் பத்திநாதர்,
துணிக்கடைப் பணியாளர்,
ரூ பிலிப்-து-ஜிரார், லா சப்பல், பாரிஸ்.

பெறுநர்:
நகரபிதா அவர்கள்,
நகரசபை, மொன்வல்-சூர்-செய்ன்.

விடயம்: நகர நூலகத்தில் நடைபெறும் ‘எமது முன்னாள் தொகுதியின் வரலாறு’ கண்காட்சியில் என் படத்தின் கீழுள்ள பிழையான வாசகம் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

லா சப்பலில் வேலை செய்தாலும் தங்கள் நகரில்தான் பல ஆண்டுகளாகக் குடியிருக்கிறேன். பிரெஞ்சில் எழுத உட்கார்ந்தால் சொல்ல வந்ததில் பாதியை விழுங்கிவிடுவேன். ஆகவே தமிழில் எழுதுகிறேன். என் மகள் ஷிரோமி செய்த மொழிபெயர்ப்பு இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது.

1. எமது பாராளுமன்றத் தொகுதி எப்போது எல்லை போட்டு உருவாக்கப்பட்டது, 2010 ஆம் ஆண்டு எல்லைகளை மாற்றியபோது எவ்வாறு நீக்கப்பட்டது என்பதைக் கண்காட்சியில்தான் முழுமையாக அறிந்தேன். தொடருந்துப் பாலத்திலிருந்து ஆற்றங்கரைத் தொழிற்சாலை வரை பழைய எல்லையைக் காட்டும் வரைபடம் மிக நன்று. எனது முறைப்பாடு கடைசிப் பலகையைப் பற்றியது.

2. அப்பலகையில் உள்ள படத்தில், அன்றைய பாராளுமன்ற உறுப்பினருக்குப் பொன்னாடை போர்த்துபவள் நான். வாயெல்லாம் பல்லாக நிற்கிறேன். கீழே, ‘தமது பிரதிநிதியைக் கொண்டாடும் தமிழ் வாக்காளர்கள், மே 2009’ என்று எழுதப்பட்டுள்ளது. ஐயா, அன்று எனக்கு வாக்குரிமை இல்லை. என்னோடு நின்றவர்களுக்கும் இல்லை. நாங்கள் கொண்டாடவும் இல்லை.

3. என் தம்பி அருள்நேசன் அப்போது வன்னியில் குண்டுமழைக்குள் அகப்பட்டிருந்தான். பாரிஸ் தமிழர்கள் இரவு பகலாக வீதியில் நின்று கதறிக்கொண்டிருந்தார்கள். உங்கள் பாராளுமன்றத்தில் எழுந்து நின்று எங்கள் சனத்துக்காக ஒரு வார்த்தை பேசும்படி கேட்கவே அவருடைய தொகுதி அலுவலகத்துக்குப் போனோம்.

4. பெரியவர் ஒருவரிடம் உதவி கேட்கப் போனால் வெறுங்கையோடு போகமாட்டோம். எடுத்த எடுப்பில் கேட்கவும் மாட்டோம். “முதல்லை மரியாதை, பிறகுதான் அலுவல்” என்றார் எங்கள் சார்பில் பேச இருந்த இராஜேந்திரன் அண்ணை. பொன்னாடையை எங்கள் கடையில் நானே பார்த்துப் பார்த்துத் தெரிவு செய்தேன். படம் எடுத்தவர் சிரிக்கச் சொன்னார், சிரித்தேன். பாராளுமன்ற உறுப்பினரோ அத்துடன் நிகழ்ச்சி முடிந்தது என்று எண்ணிக்கொண்டார். என் கையைக் குலுக்கி “மெர்சி” என்று நன்றி சொல்லிவிட்டு அடுத்த கூட்டத்துக்குப் புறப்பட்டார். அவர் மீது குற்றமில்லை. எங்கள் வழக்கம் அவருக்கு எப்படித் தெரியும்? இராஜேந்திரன் அண்ணை தொண்டையைச் செருமியபடி நின்றார். போகிறவரை மறித்துக் கேட்க எங்களில் ஒருவருக்கும் வாய் வரவில்லை. அவர் வாசலைத் தாண்டும்வரை கைதட்டினோம். நானும் தட்டினேன்.

5. அந்த மாதம் முடியும் முன்பே அங்கே எல்லாம் முடிந்துவிட்டது. தம்பியைப் பற்றி இன்றுவரை ஒரு சேதியும் இல்லை.

6. இப்போது அதே படம் அதே வாசகத்துடன் கண்காட்சியின் சுவரொட்டியிலும் இருக்கிறது. நூலகப் பணியாளர் செல்வி செசில் எங்களைப் பெருமைப்படுத்துவதாக நினைத்து, லா சப்பல் கடைகளுக்கெல்லாம் தாமே கொண்டுவந்து கொடுத்தார். எங்கள் முதலாளி அதைக் கண்ணாடிக் கதவில் ஒட்டினார். நான் கழற்றினேன், அவர் மறுபடியும் ஒட்டினார். சேலை வாங்க வந்த தில்லைநாயகி அக்கா அதைக் கனநேரம் பார்த்துவிட்டு, “எல்லாரும் றோட்டிலை நிண்டு அழுத மாதமெல்லோ, பிள்ளை?” என்று மட்டும் கேட்டார். எந்தச் சேலையையும் விரித்துப் பார்க்காமல் போய்விட்டார். பள்ளிக்கூடத்தோடு கண்காட்சிக்கு வந்த ஷிரோமியும் மாமா காணாமற்போன மாதத்தில் அம்மா ஏன் சிரித்தாள் என்று பிரெஞ்சில் கேட்டாள். வெட்கம் தின்கிறது, ஐயா. கடைக் கதவைத் திறக்கும்போதெல்லாம் என் சிரிப்பின் மீதே கை வைக்கவேண்டியிருக்கிறது.

7. பின்னர் எனக்குப் பிரஜாவுரிமை கிடைத்தது. 2012 தேர்தலில் முதன்முறையாக வாக்களித்தேன். இனி வாக்காளராக அதே மனிதரிடம் போய்த் தம்பியைப் பற்றிக் கேட்கலாம் என்று அவரது பழைய அலுவலகத்தைத் தேடிப் போனேன். அங்கே மூக்குக்கண்ணாடிக் கடை இருந்தது. எங்கள் தெருவின் ஒரு பக்கம் ஒரு தொகுதிக்கும் மறு பக்கம் இன்னொன்றுக்கும் போய்விட்டது. கேட்கத் துணிவு வந்தபோது கேட்பதற்கு இடமில்லை.

8. படத்தை அகற்றுமாறு கேட்கத்தான் முதலில் நினைத்தேன். வேண்டாம், இருக்கட்டும். அதன் கீழுள்ள வாசகத்தை மட்டும் இவ்வாறு மாற்றுவதோடு, பழைய வாசகமுள்ள சுவரொட்டிகளைக் கடைகளிலிருந்து மீளப் பெறுமாறும் பணிவுடன் வேண்டுகிறேன்:

‘இவர்களுக்கு இத்தொகுதியில் வாக்கு இருக்கவில்லை. போரில் அகப்பட்ட உறவுகளுக்காகக் குரல் கொடுக்கும்படி கேட்க வந்தவர்கள். கேட்காமலே திரும்பிப் போனார்கள்.’

தாங்கள் நேரில் அழைத்தால் ஷிரோமியுடன் வருவேன். பொன்னாடை கொண்டுவரமாட்டேன், ஐயா. வாசலில் நின்றே கேட்பேன்.

தங்கள் பதிலுக்காகக் காத்திருக்கும் நகரவாசி,

(ஒப்பம்)
மரியமலர் பத்திநாதர்

இடம்: லா சப்பல், பாரிஸ்
திகதி: 14 ஒக்டோபர் 2013