ஒரிஜினல் ரிப்போர்ட்

கரடியூர்,
ஞாயிறு.

அன்புள்ள வெண்ணிலா அப்பாவுக்கு,

மோனிஷா வணக்கத்துடன் எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். கோவா ஓட்டல் வேலை எப்படிப் போகிறது? போனில் பாப்பாவின் பேச்சை எடுத்தாலே சிக்னல் இல்லை என்கிறீர்கள். கடிதத்துக்குச் சிக்னல் வேண்டாம், அதனால் எழுதுகிறேன்.

பாப்பாவின் ரத்தப் பரிசோதனை முடிவு வந்துவிட்டது. ஒரு குரோமோசோமில் ஒரு துண்டு இரண்டு முறை இருக்கிறதாம். 'டூப்ளிகேஷன்' என்று போட்டிருந்தது. அதை உங்கள் அப்பாவிடம் படித்துக் காட்டியதுதான் என் தப்பு. முப்பது வருடம் ஜீப் ஓட்டியவர் அல்லவா? "என் வண்டிக்கே டூப்ளிகேட் சாமான் போட்டதில்ல கண்ணு, என் பேத்திக்குப் போட்டவன் எவன்" என்று கிளம்பிவிட்டார்.

சேலத்தில் டாக்டர் ஞானசுந்தரியிடம் போய், "இது டூப்ளிகேட்டுங்க அம்மிணி, ஒரிஜினல் ரிப்போர்ட்டைக் குடுங்க" என்றார். டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். புத்தகத்தில் ஒரே பக்கத்தை இரண்டு முறை வைத்துத் தைத்த மாதிரி, போலி இல்லை என்று விளக்கினார். மாமா யோசித்து, "அப்ப, சாமான் ஒரிஜினல்தானுங்க, ஒண்ணு சேத்து மாட்டிட்டாங்க" என்றார். திரும்பும்போது மலை அடிவாரத்து டீக்கடை தொடங்கி ஒவ்வொரு நிறுத்தத்திலும் இதையே சொல்லிக்கொண்டு வந்தார்.

எட்டு மாதம் வரை கழுத்து நிற்காதது, தூக்கினால் ஈரத்துண்டு போல நழுவுவது, இரண்டரை வயதாகியும் நடக்காதது, பேசாதது எல்லாம் இதனால்தானாம். நாம் சோம்பேறிக் கழுதை என்று கொஞ்சிக்கொண்டிருந்தோம். வலிப்பும் வரலாமாம். கூப்பிட்டும் கேட்காமல் ஒரே இடத்தை வெறித்தால் வீடியோ எடுக்கச் சொன்னார்கள். நாளெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இதுவரை மாட்டியது அத்தை மட்டும்தான். சீரியல் ஓடும்போது நான்கு தரம் கூப்பிட்டேன், இமை அசையவில்லை. வீடியோ இருக்கிறது.

வியாழக்கிழமை பாப்பா ஜீப் பம்பரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பதினொன்று எண்ணும் வரை.

இது நம் இருவரில் ஒருவரிடமிருந்து வந்திருக்கலாம், புதிதாகவும் வந்திருக்கலாம் என்று நம் ரத்தத்தையும் கேட்டார்கள். நான் கொடுத்தேன். என்னிடம் இல்லை. அத்தையிடம் இதைச் சொல்லவில்லை. "எங்க ஊட்டுல ஆருக்கும் இப்படி இல்ல" என்கிறார். அதே மூச்சில் உங்களைப் பற்றி, "வெங்கடேசு மூணு வயசு வரைக்கும் நடக்கல, பேச்சும் நொம்ப லேட்டு" என்கிறார். இரண்டையும் அவர் சேர்த்துப் பார்க்கவில்லை. நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

டாக்டர் தந்த தாளில் ஒரு கேள்வி: பெயர் சொல்லி யார் கூப்பிட்டால் பிள்ளை திரும்புகிறது? அம்மாவுக்கு 'சில சமயம்' என்று எழுதினேன். தாத்தாவுக்கு 'ஹாரன் அடித்தால் மட்டும்'. அப்பா என்ற இடம் காலியாக இருக்கிறது. போனில் கூப்பிட்டால் கணக்கில் வராதாம்.

ரத்தம் கொடுப்பது அப்புறம் இருக்கட்டும். எது வந்தாலும் ஒரிஜினல்தான் என்று உங்கள் அப்பாவே சொல்லிவிட்டாரே. ஒருமுறை வந்து அவளைக் கூப்பிட்டுவிட்டுப் போங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
வெண்ணிலா அம்மா