மார்கழி நிழல் நாலடி

ஸ்ரீவில்லிபுத்தூர்,
29-7-1937, வியாழன்.

பிரியமுள்ள அப்பாவின் சமூகத்துக்கு, மகள் இன்பம் வந்தனத்தோடு எழுதுவது. கர்த்தர் கிருபையால் நாங்கள் இருவரும் சுகம். அட்டன் மலைக் குளிரில் உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? தேயிலைத் தோட்டத்தில் மேடேறி இறங்காமல் முடியாது என்று தெரியும். தைலத்தையாவது மறக்காமல் தேயுங்கள்.

சுகம் விசாரித்தாயிற்று, இனி என்னால் அடக்க முடியாது. அப்பா, உங்கள் மாப்பிள்ளை கேஸ் ஜெயித்துவிட்டார்! நேற்று மத்தியானம் தீர்ப்பு. சேத்தூர் சோணைமுத்துவுக்கு விடுதலை! சந்தோஷத்தில் மைக்கூட்டைத் தட்டிவிட்டேன், மூலையில் உள்ள கறை அதுதான்.

எதிர்க்கட்சி யார் என்று இதற்குள் உங்களுக்குத் தெரிந்திருக்கும். பொன்னுராஜ் மாமா எழுதாமல் இருந்திருக்க மாட்டார். உங்கள் பால்ய சிநேகிதர், எங்கள் கல்யாணத்தைப் பேசி முடித்தவர். அவர் என்ன எழுதியிருந்தாலும் சரி, நடந்ததை நான் சொல்லியும் ஒருமுறை கேளுங்கள்.

போன மார்கழியில் மாமா வயலுக்குப் போகும் வாய்க்கால் கரையை யாரோ வெட்டிவிட்டார்கள். பக்கத்து வயல்காரர் சோணைமுத்துதான் வெட்டினார், தடுக்கப் போன தம் வயல் காவல்காரர் பரிபூரணத்தை மண்வெட்டிக் காம்பால் அடித்தார் என்று மாமா பிராது கொடுத்தார். சோணைமுத்து அன்றைக்கு ராஜபாளையத்துக்குப் பருத்திப் பொதி வண்டி ஓட்டிப் போயிருந்தாராம். ஆனால் கூடப் போன ஒருவரும் மாமாவுக்கு எதிராக வாய் திறக்கத் தயாரில்லை. குற்றம் ருசுவானால் ஜெயில்தான். அவர் சம்சாரம் மாடத்திக்கு ஐந்து மாதக் கைக்குழந்தை.

உங்கள் மாப்பிள்ளை சுபாவம்தான் உங்களுக்குத் தெரியுமே. திருச்சியில் பி.ஏ., ஒரு வருஷம் பள்ளிக்கூட வாத்தியார், பிறகு சென்னையில் சட்டப் படிப்பு, இங்கே பெரிய வக்கீல் சடகோபனிடம் ஜூனியர். 'கிறிஸ்துராஜ், பி.ஏ., பி.எல்.' என்று சொந்தப் பலகை மாட்டி இரண்டு வருஷம் ஆகிறது. சாட்சிக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க மாட்டேன் என்று எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுவார். அதைக் கேட்டதும் வந்தவர்களில் பாதிப் பேர் குடையை எடுத்துக்கொண்டு நடையைக் கட்டிவிடுவார்கள். எனக்கு ஆத்திரமாக வரும். ஊரில் இத்தனை வக்கீல் இருக்க, எனக்கு வாய்த்தவர் ஒரு அரிச்சந்திரன்!

அதோடு இன்னொரு பைத்தியமும் உண்டு. ஞாயிறு தவறாமல், கோர்ட் இல்லாத நாளெல்லாம், உச்சி வேளையில் மொட்டை மாடியில் வெறுங்காலோடு நின்று தம் நிழலைத் தாமே அடி வைத்து அளப்பார். வயல்வேலை பார்க்கும் சம்சாரிகள் பொழுது பார்க்கிற முறை அது. அவரவர் நிழலை அவரவர் பாதத்தால் அளப்பதால் நெட்டையோ குட்டையோ, கணக்கு ஏறக்குறைய ஒன்றுதான். மாதத்துக்கு மாதம் மாறுகிறதே என்று அதை ஒரு நோட்டில் எழுதி வைப்பார். சோறு ஆறிப்போகிறது, நிழலைத்தான் கட்டிக்கொண்டீர்களா, என்னையா என்று எத்தனை நாள் கேட்டிருக்கிறேன்!

அந்த நிழல்தான் அப்பா, காப்பாற்றியது.

பரிபூரணம் கூண்டில் ஏறி, "நேர் உச்சிப்பொழுதுய்யா, என் நெழலை நானே அளந்தேன், ஒன்றரை அடி இருந்துச்சு, அப்பத்தான் வெட்டுனான்" என்று அடித்துச் சொன்னாராம். இவர் சத்தம் போடவில்லை. எத்தனை வருஷமாக வெள்ளாமை என்று கேட்டார். நாற்பது வருஷம். அளவு தப்புவது உண்டா என்று கேட்டார். மனிதருக்கு ரோஷம் வந்துவிட்டது. "கோயில் மணி தப்பும், என் நெழல் தப்பாது" என்றார். தை மாதம் உச்சியில் எத்தனை அடி என்றதற்கு, மூன்றரை என்றார். அப்படியானால் மார்கழியில்? "நாலடிக்கு ஒரு விரல் கொறையாதுய்யா!" என்று சொல்லிவிட்டு, அப்படியே வாயைப் பொத்திக்கொண்டாராம்.

ஆனி மாதம் முற்றத்தில் அவரை நிறுத்தி, அன்றைக்கு இருந்த ஒன்றரை அடி நிழலை அளந்து மனப்பாடம் செய்யவைத்திருக்கிறார்கள் மாமாவின் ஆட்கள். பாவம், எல்லாவற்றையும் அவரே ஒப்புக்கொண்டார். பொய்ச்சாட்சி என்று அவர்மேல் நடவடிக்கை எடுக்கவேண்டாம், கடைசியில் உண்மையைத்தானே சொன்னார் என்று இவரே மாஜிஸ்திரேட்டிடம் கேட்டுக்கொண்டார். சடகோபன் ஐயா தலைப்பாகை சரிய ஓடிவந்து இவரைக் கட்டிக்கொண்டாராம். இன்று காலை ராஜபாளையத்திலிருந்து இரண்டு பேர் கேஸ் கட்டோடு வந்து உட்கார்ந்திருந்தார்கள். இவர் வழக்கம்போல் சாட்சிப் பேச்சை எடுத்தார். அவர்கள் எழுந்து போகவில்லை அப்பா, கதவிடுக்கில் நின்று நான் பார்த்தேன்!

இப்போது எஸ்டேட் வேலை விஷயம். ஆடிக்குள் பிழைப்பு நிலைக்காவிட்டால் ஆவணி முதல் தேதி மாப்பிள்ளை அங்கே வந்து சேரவேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். எங்கள்மேல் உள்ள பாசத்தால்தான். நானும் பெட்டியைக் கட்டி வைத்திருந்தேன். நேற்று சாயங்காலம் அவிழ்த்துவிட்டேன். அந்த வேலையை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள்.

இன்னும் ஒன்று எழுதவேண்டும். மாமாவுக்கு எதிராக வழக்கெடுத்து உங்கள் முகத்தில் கரி பூசிவிட்டார் என்று இவர்மேல் கோபப்படாதீர்கள். இவர் மாட்டேன் என்றுதான் சொன்னார். மாமனார் மனசு நோகும், சடகோபன் ஐயாவிடம் அனுப்பிவிடுகிறேன் என்றார். அதற்கு முந்தின நாளே, இவர் கோர்ட்டுக்குப் போயிருந்தபோது, மாடத்தி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். "அவிய வெட்டலம்மா, இந்தப் பிள்ளை மேல ஆணை" என்றாள். எங்க வீட்டுக்காரர் எடுப்பார், நீ அழாதே என்று சொன்னது நான். மறுநாள் ராத்திரி, மாட்டேன் என்ற இவரோடு சண்டை போட்டு எடுக்க வைத்ததும் நான். ஏச வேண்டியவள் நான்தான் அப்பா, எவ்வளவு வேண்டுமானாலும் ஏசுங்கள். ஆனால் பதில் எழுதாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.

கிறிஸ்துமஸுக்கு வாருங்கள். நீங்கள் இங்கே வந்து மூன்று வருஷம் ஆகிறது. மார்கழி வெயில் உங்கள் முழங்காலுக்கும் நல்லது. மொட்டை மாடியில் உச்சிப்பொழுதில் உங்களை நிறுத்தி, நிழலை அளக்கச் சொல்லுவேன். இவர் நோட்டில் டிசம்பர் 25-க்கு நேராக உங்கள் பெயரை இப்போதே எழுதிவிட்டேன். நாலடியா என்று நீங்கள்தான் வந்து நிரப்பவேண்டும்.

மாப்பிள்ளைக்கு உங்கள் ஆசீர்வாதத்தையும் எனக்கு உங்கள் ஏச்சையும் எதிர்பார்த்திருக்கும்,
உங்கள் கீழ்ப்படியாத மகள்
இன்பம்.