கோட்டுப் பையில் ஒரு மாத்திரை

மார்ச் 4
புரதத்தின் மேல் பாஸ்பேட்டை ஒட்டுகிற நொதி ஒன்று. ஒட்டியதைப் பிய்த்தெடுக்கிற நொதி இன்னொன்று. ஒட்டினால் புரதம் வேலை செய்யும், பிய்த்தால் ஓய்ந்துவிடும். அக்காவுக்கு இருக்கிற சிறுநீரக நோயில் ஒட்டுகிறவன் ஓயாமல் ஒட்டுகிறான், நீர்க்கட்டிகள் பெருகுகின்றன. அவனை அடக்கும் மருந்தைத்தான் இரண்டு வருடமாகத் தேடுகிறேன். இன்று, பதினேழாம் எண் மருந்து போட்ட செல்களில், பாஸ்பேட் ஏறிய புரதம் சோதனைப் படத்தில் கறுப்புக் கோடாகத் தெரியுமே, அது அடியோடு காணோம்! போடாத செல்களில் கரிக்கோடாக அப்படியே இருக்கிறது.

மார்ச் 5
அக்காவிடம் சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாதோ?

மார்ச் 11
கூடாதுதான். அடுத்த மாதம் என் சிறுநீரகம் ஒன்றை அவளுக்கு வைப்பதாக முடிவாகியிருந்தது. அப்பாவின் நோய் அவளுக்கு மட்டும்தான் வந்தது, எனக்கு இல்லை, ரத்தமும் பொருந்துகிறது. இப்போது வேண்டாம் என்கிறாள்.
"உன் மருந்து வரட்டும்டி. உன்னை அறுத்துத்தான் நான் பிழைக்கணுமா?"
மருந்து ஆள் கைக்கு வரப் பத்து வருடமாவது ஆகும் என்றேன். "நீ கெட்டிக்காரி, சீக்கிரம் முடிச்சிருவே."
தள்ளிப்போடாதீர்கள் என்கிறார் டாக்டர். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே வாய் என்னுடையது, கெடப்போவது அக்கா.

மார்ச் 15
பக்கத்து மேசைக்காரருக்கு ஆய்வகத்தில் 'சந்தேகம்' என்று பெயர். படத்தைப் பார்த்துவிட்டு, "எல்லாக் குழாய்க்கும் ஒரே பாட்டில் கரைசலா?" என்றார். இல்லை, மருந்து போடாத குழாய்களோடு ஒரு பாட்டில் தீர்ந்தது, மற்றவற்றுக்குப் புதிதாகக் கலந்தேன். "ம்ம்," என்றார். மனுஷனுக்குப் பொறாமை.

மார்ச் 17
பொறாமை இல்லை.
வெள்ளைக் கோட்டைத் துவைக்கப் போட்டேன். பையில் ஒரு மாத்திரை, உறை பிரிக்காமல். செல்லை உடைக்கிற கரைசலில் பாட்டிலுக்கு ஒன்று போட வேண்டியது. போடாவிட்டால் செல் உடைந்த பிறகும் பிய்க்கிற நொதி குழாய்க்குள் தன் வேலையைப் பார்த்துக்கொண்டே இருக்கும். அப்போ படத்தில் கறுப்புக் கோட்டை அழிச்சது மருந்தில்லை. பிய்க்கிறவன். நான் — ச்சே!
அன்று புதுப் பாட்டிலைக் கலந்து, இதைப் பிரிக்கப் போனபோதுதான் போன் வந்தது. அக்கா. வரும்போது பல்பு வாங்கிட்டு வா என்றாள். பல்பை மட்டும் மறக்காமல் வாங்கிப் போனேன்.

மார்ச் 18
மாத்திரையோடு ஆய்வகத் தலைவி முன்னால் போய் நின்றேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியுமா? திட்டவில்லை. "மறுபடி செய்," என்றார். திட்டியிருக்கலாம்.

மார்ச் 26
மூன்று தடவை செய்தாயிற்று, மாத்திரையோடு. கோடு கொஞ்சம் மங்குகிறது. அவ்வளவுதான். "ஒண்ணுமில்லாததுக்கு இது மேல். இதை மாத்தி மாத்திப் பார்ப்போம்," என்றார் தலைவி. பார்ப்போம். வருடக்கணக்கில்.

மார்ச் 27
அக்காவிடம் எல்லாம் சொன்னேன், போன் வந்ததைத் தவிர. கேட்டுக்கொண்டே காய் நறுக்கினாள்.
"ஒரு மாத்திரையையா மறந்தே?"
"ஆமா."
"உன் மூளையைப் போய் நம்பினேன் பாரு."
கத்தியை வைத்துவிட்டு அழுதாள். நானும்தான். அவளுக்கு ஏமாற்றம், எனக்குப் பயம், இன்னும் வேண்டாமென்றே நிற்பாளோ என்று.
"மூளையை விடு. சிறுநீரகத்தை நம்பு," என்றேன். மூக்கை உறிஞ்சிவிட்டு மறுபடி கத்தியை எடுத்தாள்.

மார்ச் 28
காலையில் அக்கா, வெடுக்கென்று: "டாக்டர்கிட்ட தேதி கேளு."

ஏப்ரல் 24
இடது விலாவுக்குக் கீழே சுரீர் சுரீர் என்கிறது. எழுத்து கோணல்மாணல். அக்கா தனி அறையில். கிருமி போகக் கூடாதென்று யாரையும் விடுவதில்லை. என் சிறுநீரகம் போன இடத்தில் வேலையைத் தொடங்கிவிட்டதாம், நர்ஸ் சொன்னார். உடம்பு அதைத் தள்ளிவிடாமலிருக்க அக்கா இனி ஆயுசுக்கும் தினம் மாத்திரை போட வேண்டும்.
நர்ஸிடம் சொல்லியனுப்பியிருக்கிறாள்: "காலை மாத்திரையை நான் போட்டுட்டேன். என் தங்கச்சி போட்டாளான்னு பாருங்க."
திரும்பிப் பார்த்தேன். என் வலி மாத்திரை மேசை மேல் கிடந்தது, உறை பிரிக்காமல்.